யாருக்குப் பிரஷர் கம்மி?

அத்தியாயம் 6

"யார்கிட்டடா சொன்னே? பேரைச் சொல்லு."

"சொன்னேன் சார்."

"அதான் கேக்குறேன், யார்கிட்ட? மதகுகிட்டயா, மாட்டுகிட்டயா?"

"வண்டி ஓடுறப்பவே விளக்கு எரியுது, பிரஷர் கம்மியா இருக்குன்னு பூஜையன்னைக்குக் காலையிலயே சொல்லிட்டேன் சார். ஏத்தியாச்சுன்னு சொன்னாங்க. அத நம்பித்தான் நேத்து வண்டிய எடுத்தேன்."

"எவன் ஏத்தினான்? எதுல ஏத்தினான்?"

சரியாக அந்த இடத்தில் வீட்டுக்குள்ளே மிக்சி ஓடியது. ரஞ்சித்குமார் வாயைத் திறந்தான், மூடினான். மிக்சி நின்றது. அவன் மறுபடி திறக்கவில்லை.

குரும்பகரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு சண்டையை ஒரு சொல் சிந்தாமல் கேட்க வேண்டுமென்றால் எதிர்வீட்டு மொட்டை மாடிதான் தோதான இடம். அந்த எதிர்வீடு என்னுடையது. மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். மிளகாய் வெள்ளிக்கிழமையே காய்ந்துவிட்டது. இருந்தாலும் ஒரு தடவை புரட்டிவிடலாம் என்று ஏறினேன்.

கீழே ராஜ்மோகனின் வெள்ளைக் கார் நின்றது. இனிமேல் அதற்கு நிற்க மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை அம்மாவையும் சம்சாரத்தையும் திருநள்ளாறு கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது கடகடவென்று தட்டி, என்ஜின் இறுகி, டிராக்டரில் கட்டி இழுத்துவந்த கார் அது. ராஜ்மோகன் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டு. வீட்டிலும் அதே வேலையைத்தான் பார்க்கிறார். அன்று அலுவலகத்தில் ஆடிட் என்பதால் காரை ஓட்டக் கூப்பிட்டது எங்கள் தெருக் கடைசி வீட்டு ரஞ்சித்குமாரை.

ரஞ்சித்துக்கு அரசு ஜீப் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. நெடுங்காட்டில் தமிழ்மொழி என்று ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்து, உத்தரவு கைக்கு வந்ததும் கல்யாணம் என்று பேசிவைத்திருந்தார்கள். இந்த நேரத்தில் அவன் பேரில் ஸ்டேஷனில் ஒரு புகார் விழுந்தால் வேலை போகும். வேலை போனால் பெண்ணும் போகும். இது ராஜ்மோகனுக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் புகாரை அவ்வளவு சத்தமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"பூஜையன்னைக்குக் காலையில இவனுக்கு என் கார்ல என்ன வேலை? கழுவினது நான். துடைச்சது நான். இவன் எப்ப உள்ள ஏறினான்? வேணும்னே எதையோ நோண்டியிருக்கான். அப்படித்தான் எழுதிக் குடுக்கப் போறேன்."

கேள்வி நியாயமானதுதான்.

"இப்பவே போறேன்" என்று ராஜ்மோகன் செருப்பை மாட்டினார்.

"ராகுகாலம்டா" என்றார் அவருடைய அம்மா சொர்ணாம்பாள், வாசல் நாற்காலியை விட்டு அசையாமல்.

ராஜ்மோகன் செருப்பைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் ஆறு மணிக்குத்தான் முடியும். ரஞ்சித்தின் அரசாங்க வேலைக்கு ஆயுள் அதுவரை.

அப்போதுதான் மதிவதனி வந்தாள்.

காரைக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கொலை, கொள்ளை எதுவும் அந்தப் படியேறி வந்ததில்லை. வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. இந்தத் தடவை தமிழ்மொழியின் அப்பா அனுப்பியிருந்தார். உடன் அவளுடைய உதவியாளன் அஃப்ரித். மதிவதனி ஒரு சொல் பேசும் இடத்தில் அவன் ஏழெட்டு பேசி கணக்கைச் சரிசெய்துவிடுவான்.

எங்கள் தெருவில் விசாரணை என்றால் முதலில் என்னிடம் வருவது வழக்கம். மாடியிலிருந்து இறங்கி நானே போய் நின்றேன், வீணாக ஏன் அலையவிட வேண்டும்.

"அக்கா, ரஞ்சித் என்ன சொன்னான்னு அப்படியே சொல்லுங்க. உங்க மசாலா சேக்காம."

எழுத்து மாறாமல் சொன்னேன். மிக்சி ஓடியது உட்பட.

"அக்காவ ஒரு பென்டிரைவ்ல ஏத்தி வெச்சுக்கலாம் மேடம்" என்றான் அஃப்ரித். "என்ன, அழிக்கத்தான் முடியாது."

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் சஃபியுல்லா பாய் வெளியே வந்தார். என்ஜினுக்குக் கீழே இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறைய கருப்பு எண்ணெய்.

"ஆயில் இல்லாமதான் போச்சா பாய்?" என்று கேட்டாள் மதிவதனி.

"ஆயில் அளவு சரியா இருந்துச்சும்மா. பிரஷர்தான் இல்ல."

"கேட்டுக்குங்க" என்றார் ராஜ்மோகன். "ஆயில் ஃபுல். நான் ஒன்னும் கொறை வெக்கல."

சஃபியுல்லா பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "சார், உங்க வயல்ல போர் இருக்குல்ல. கீழ தண்ணி நெறைய கிடக்கு. ஃபுட்வால்வுல சேறு அடைச்சுக்கிச்சு. மோட்டார் ஓடும். தண்ணி வருமா?"

"வராது."

"இதுவும் அதான். கீழ தொட்டியில ஆயில் கிடக்கு. ஒரு பம்பு அத உறிஞ்சி மேல தள்ளணும். தள்ளுற அழுத்தம்தான் ஆயில் பிரஷர். அது இருந்தாத்தான் உள்ள சுத்துற இரும்பு, தாங்குற இரும்பத் தொடாம ஆயில் மேல மெதந்துக்கிட்டே சுத்தும். பிரஷர் போச்சுன்னா இரும்பும் இரும்பும் உரசும். மொதல்ல கடகட. அப்புறம் கம்முன்னு ஆயிடும்."

"எங்க வாப்பாவும் உம்மாவும் மாதிரி" என்றான் அஃப்ரித். "நடுவுல நான் ஆயிலா இருந்து..."

"அஃப்ரித்."

"கம்முன்னு ஆயிட்டேன் மேடம்."

பாய் ஒரு வளைந்த குழாயைக் காட்டினார். ஆயிலை உறிஞ்சும் வாய். அதன் வலைமுழுக்கக் கருப்பாக, கெட்டியாக, விரலால் வழிக்கிற பதத்தில் ஏதோ அப்பியிருந்தது.

"அல்வாவா?" என்றான் அஃப்ரித்.

"பழைய ஆயில். மாத்தாம ஊத்தி ஊத்தி ஓட்டினா இப்படித்தான் உறையும்."

ராஜ்மோகன் தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மதிவதனி காருக்குள் உட்கார்ந்தாள். "பிரஷர் கொறைஞ்சா மீட்டர்ல ஒரு விளக்கு எரியணுமே பாய்?"

"செவப்பு விளக்கு. சாவி போட்டதும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடணும். ஓடும்போது எரிஞ்சா வீடு வந்து பாத்துக்கலாம்ங்கற பேச்சே கிடையாது. அந்த இடத்துலயே வண்டிய அணைச்சுடணும்."

"நேத்து எனக்கு எதுவும் எரியல மேடம்" என்றான் ரஞ்சித். "சத்தம் கேட்டதும் நிறுத்திட்டேன்."

மதிவதனி சாவியைத் திருப்பினாள். மீட்டரில் பேட்டரி விளக்கு எரிந்தது. அது எரிந்தது, இது எரிந்தது. ஆயில் விளக்கைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். உள்ளே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, அது சாமிக்கு வெச்ச பொட்டு" என்றார் சொர்ணாம்பாள்.

"பெரியம்மா, மீட்டர்ல இத்தனை படம் இருக்கு. இதுக்கு மட்டும் ஏன் வெச்சீங்க?"

"மத்ததெல்லாம் என்னன்னு யாருக்குத் தெரியும். இது விளக்கு. மூக்கு நீண்டு, சொட்டு எண்ணெயோட நல்லா லட்சணமா இருந்துச்சு. ஆயுத பூஜையன்னைக்கு விளக்குக்குப் பொட்டு வைக்காம விடலாமா?"

"எனக்கு எங்க வீட்டுக் கெண்டி மாதிரி தெரியுது" என்றான் அஃப்ரித். "நல்லவேளை, நீங்க டீ ஊத்தல."

மதிவதனி என்னிடம் திரும்பினாள். "பூஜை எப்ப போட்டாங்க?"

"சாயந்திரம்."

"காலையில பொட்டு இல்ல. அப்ப ரஞ்சித் விளக்கைப் பாத்திருக்க முடியும்." பிறகு சொர்ணாம்பாளிடம் கேட்டாள். "பிரஷர் கம்மின்னு அவன் உங்ககிட்ட சொன்னானா பெரியம்மா?"

"என்கிட்டயா? எனக்கு ஜாஸ்திதான். கம்மின்னு எந்த டாக்டரும் சொன்னதில்ல."

ராஜ்மோகன் சிரித்தார். "எங்கம்மாகிட்ட சொல்லல. என்கிட்ட சொல்லல. பின்ன யார்கிட்டயாம்?"

மறுபடி மிக்சி.

அஃப்ரித் சலிப்பில் டயரை ஒரு உதை விட்டான். விட்டதும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மேடம், டயரா கருங்கல்லா இது. செத்துப்போன வண்டிக்கு எதுக்கு இவ்வளவு காத்து?"

மதிவதனி இறங்கி நான்கு டயரையும் அழுத்திப் பார்த்தாள். பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும். எல்லாம் கல். காற்று அடைக்கிற முனையில் எல்லாவற்றுக்கும் புத்தம்புது பச்சை மூடி.

"நைட்ரஜன் அடிச்சாத்தான் பச்சை மூடி போடுவாங்க" என்றாள். "சார், டயருக்கு எப்ப காத்து புடிச்சீங்க?"

"நானா? போன மாசம் இருக்கும். அதுவும் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துல சைக்கிள் கடையில."

மதிவதனி அஃப்ரித்தைப் பார்த்தாள். அஃப்ரித் ஒற்றைக் காலில் எழுந்து, அவர்கள் வந்த காருக்குப் போனான்.

வழி காட்ட நானும் ஏறிக்கொண்டேன். கோட்டுச்சேரிக்கு வழி தெரியாதவர்கள் அந்தக் காரில் யாரும் இல்லை. ஆனாலும் ஒரு ஒத்தாசைக்கு.

"இந்தப் பக்கத்துல நைட்ரஜன் கோட்டுச்சேரி ரஃபீக் கடையில மட்டும்தான் மேடம்" என்றான் அஃப்ரித், வண்டியை எடுத்தபடி. "என்ன நடந்திருக்கும்னு நான் சொல்லவா? ரஞ்சித் எப்படியோ ராஜ்மோகன்கிட்ட சொல்லிட்டான். பிரஷர் கம்மி. நம்ம சூப்பிரண்டெண்டு பிரஷர்னா டயர்னு நெனச்சு நேராப் போய் காத்து அடிச்சுட்டாரு. இப்ப என்ஜின் போனதும் வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு பையன் தலையில கட்டுறாரு."

"ம்."

"ம்-னா சரியா, தப்பா?"

"ரோட்டப் பாரு."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. ராஜ்மோகன் பிரஷருக்காக ஸ்டெப்னிக்கும் காற்று அடித்த கதையை எந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று மனதுக்குள் வரிசைபோட்டுக்கொண்டு வந்தேன்.

ரஃபீக்கின் கடையில் அவன் தங்கை மெஹர் பானு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அஃப்ரித் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"சலாம் நானா" என்றான் ரஃபீக்கிடம். பார்வை அந்த நானாவிடம், அதாவது அண்ணனிடம், இல்லை. "குரும்பகரம் வெள்ளைக் கார், நாலு டயர், ஒரு ஸ்டெப்னி, பச்சை மூடி. ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?" என்றான் ரஃபீக். "பூஜையன்னைக்குக் கூட்டத்துல வந்துச்சு. பிரஷர் கம்மின்னாங்க. அளந்து பாத்தேன், சரியா இருந்துச்சு. சரியாத்தான் இருக்குன்னேன். இல்ல, தெரிஞ்சவங்க கம்மின்னு சொன்னாங்க, ஏத்துங்கன்னாங்க. கொஞ்சம் ஏத்தினேன். போதுமான்னா, இன்னும் கொஞ்சம்னாங்க. இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீடு பிரேக்கர்ல கார் குதிரை மாதிரி எகிறும்னு சொல்லித்தான் நிறுத்தினேன்."

"ராஜ்மோகன் சார் அவ்வளவு பிடிவாதம் புடிச்சாரா?" என்றாள் மதிவதனி.

"சாரா? சார் எங்க வந்தாரு. அவரு சம்சாரம்ல வந்தாங்க."

மதிவதனி ரஃபீக்கின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். "யார் ஓட்டிக்கிட்டு வந்தா?"

"அவங்கதான். தனியா."

"நேராத்தான் ஓட்ட வந்துச்சு" என்றாள் மெஹர் பானு, மேசையிலிருந்து. "ரிவர்ஸ் வரல. நானாதான் எடுத்துத் திருப்பி விட்டுச்சு. ஆனா மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். நான் ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்."

நான் அங்கிருந்த பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ராஜ்மோகனின் சம்சாரம் உமாமகேஸ்வரி. என் வீட்டுக்கு எதிர்வீடு. அவள் எத்தனை மணிக்குப் பால் காய்ச்சுகிறாள் என்பது வரை எனக்குத் தெரியும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள், நான் பொரிகடலை வாங்கப் போன நேரத்தில் கோட்டுச்சேரி வரை ஓட்டிப் போயிருக்கிறாள். இதற்கு மேல் இந்தத் தெருவில் நான் எந்த முகத்தோடு செய்தி சொல்வது?

"சொன்னாங்க" என்றாள் மதிவதனி.

"யாரு மேடம்?"

"அக்கா அப்பவே சொன்னாங்க, நான்தான் கவனிக்கல. ரஞ்சித் என்ன சொன்னான்? 'ஏத்தியாச்சுன்னு சொன்னாங்க.' ராஜ்மோகன் சொல்லியிருந்தா 'சொன்னீங்க'ன்னு நேருக்கு நேரா கேட்டிருப்பான். வேற ஆம்பளைன்னா 'சொன்னாரு'. அவன் வாயில வந்தது 'சொன்னாங்க'. அந்த வீட்ல அவன் அப்படிச் சொல்லக்கூடியவங்க ரெண்டே பேர். பெரியம்மாவுக்குப் பிரஷர்னா அவங்க பிரஷர்தான். மிச்சம் யாரு?"

"மிக்சி" என்றான் அஃப்ரித்.

"அதான். கார் சாவி வீட்டுக்குள்ள கிடக்கும். யாராவது எடுத்துக் குடுக்காம பூஜையன்னைக்குக் காலையில ரஞ்சித் வண்டிக்குள்ள போயிருக்க முடியாது. கத்துக்குடுத்தது அவன். விளக்கப் பாத்தது அவன். பிரஷர் கம்மி, பாக்கணும்னு அவங்ககிட்ட சொன்னதும் அவன். அவங்க புருஷன்கிட்ட சொல்ல முடியுமா? உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு. அதனால தானே போய் ஏத்திட்டு வந்துட்டாங்க. நேத்து காலையில அவன் கேட்டிருப்பான், பிரஷர்? ஏத்தியாச்சு. ரெண்டு பேரும் பொய் சொல்லல."

"ஒரு பிரஷர், அத ரெண்டு பேரும் வெவ்வேற எடத்துல வெச்சிருக்காங்க" என்றான் அஃப்ரித். "இத அந்தப் பய வாயத் திறந்து சொல்லியிருந்தா நமக்கு இவ்வளவு பெட்ரோல் செலவு இல்ல."

"சொன்னா அந்தம்மா பேர் தெருவுல என்ன ஆகும்?"

அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் கைப்பையிலிருந்து அப்போதுதான் போனை எடுத்திருந்தேன். மணி பார்க்க.

"மேடம், அக்காவ இந்த டயர்லயே கட்டிப் போட்டுட்டுப் போயிடலாமா?"

"வேணாம். சீட் பெல்ட் போடு, போதும்."

திரும்பி வந்தபோது தெருவில் முன்னைவிடக் கூட்டம். ராஜ்மோகன் சட்டை மாற்றிக்கொண்டு, புகாரை மடித்துப் பையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரஞ்சித் காருக்கு முட்டுக்கொடுத்த மாதிரி சாய்ந்து நின்றான். சஃபியுல்லா பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மதிவதனி கொல்லைப்பக்கமாக அடுப்படிக்குப் போனாள். கொல்லையில் ஒரு துளசி எனக்கும் தேவைப்பட்டது.

உமாமகேஸ்வரி மிக்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சாயங்காலம் நாலரை மணிக்கு என்ன அரைச்சீங்க?" என்று கேட்டாள் மதிவதனி.

"ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லன்னா?"

"காலி ஜார்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த ஜாரைப் பார்த்தார்கள்.

"ரஃபீக் கடைக்குப் போயிட்டு வரோம்" என்றாள் மதிவதனி.

உமாமகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு எல்லார் முன்னாலயும் சொன்னாரு, உனக்கு ஸ்கூட்டியே வராது, நீ காரானு. அதான் தம்பிகிட்ட கேட்டேன். திருவேட்டக்குடி கடற்கரை ரோட்டுல, விடிகாலையில. அவரு எந்திரிக்கறதுக்குள்ள வந்துருவோம். டயர் இல்ல, ஆயில்னு நேத்து ராத்திரி பாய் சொல்றப்பதான் எனக்கே தெரியும். நான் சொல்லிட்டேன்னா..." என்று நிறுத்தி, ஜன்னல் வழியாகத் துளசிச் செடியைப் பார்த்தாள். துளசிச் செடிக்குப் பின்னால் நான்தான் இருந்தேன்.

"என்னைக் கூப்பிட்டது மாப்பிள்ளைய விசாரிக்க" என்றாள் மதிவதனி. "விசாரிச்சாச்சு. தனக்கு வேலை போனாலும் அடுத்தவங்க பேரைச் சொல்லாத பையன்னு பொண்ணோட அப்பாகிட்ட சொல்லிடுவேன். அதுக்கு மேல உங்க வீட்டு விஷயத்த நான் வெளிய சொல்ல மாட்டேன். ஆனா ராகுகாலம் முடியப் போவுது."

மதிவதனி வாசலுக்கு வந்துவிட்டாள். நானும் கையில் நாலு துளசியோடு சுற்றிக்கொண்டு வந்தேன்.

ராஜ்மோகன் எழுந்தார். செருப்பை மாட்டினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் உமாமகேஸ்வரி.

உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். ரஞ்சித் "அக்கா, வேணாங்க்கா" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அந்தத் தம்பி பிரஷர் கம்மின்னு சொன்னது என்கிட்டதான். நீங்க பூஜைச் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்துல நான் காரை ரஃபீக் கடைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி டயருக்குக் காத்து புடிச்சேன். ஏத்தியாச்சுன்னு அவன்கிட்ட சொன்னதும் நான்தான்."

ராஜ்மோகன் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்த மனிதரிடமிருந்து என்ன வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"ரிவர்ஸ் எப்படி எடுத்தே?" என்றார்.

"எடுக்கல. ரஃபீக் எடுத்துக் குடுத்தாரு."

"அதான் பாத்தேன்."

"கம்ப்ளெயிண்ட் குடுக்கறதுன்னா குடுங்க" என்றாள் அவள். "ஆனா முழுசா எழுதிக் குடுங்க. இவன் வேணாம்னு சொல்லியும் கார் கத்துக்கிட்டது நான். ஆயில் பிரஷருக்கு டயர்ல காத்தடிச்சது நான். எரிஞ்ச விளக்கு மேல பொட்டு வெச்சது அத்தை. கருப்பா இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தானேன்னு இத்தனை நாளா மாத்தாம ஊத்திக்கிட்டு வந்தது நீங்க. நாலு பேரையும் எழுதுங்க. இவன் பேரு கடைசியில வரட்டும்."

"என்னை ஏண்டி சேக்குறே" என்றார் சொர்ணாம்பாள். "நான் சாமிதானே கும்பிட்டேன்."

"ஸ்டேஷன்ல படிச்சுக் காட்டச் சொல்வாங்க சார்" என்றான் அஃப்ரித், ரொம்ப மரியாதையாக. "சத்தமா."

ராஜ்மோகன் பையிலிருந்து புகாரை எடுத்தார். பிரித்தார். ஒரு தடவை படித்தார். அதில் டயர் என்ற சொல் எங்கே வரும், எந்த இன்ஸ்பெக்டர் எந்த இடத்தில் சிரிப்பார் என்று அவர் மனதில் ஓடியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு கார்ப் பக்கம் நடந்துபோனார்.

"பாய், கை தொடைக்கப் பேப்பர் கேட்டீங்கள்ல" என்றார்.

சஃபியுல்லா பாய் கேட்கவே இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டார். துடைத்தார். ரஞ்சித்தின் வேலை அப்படித்தான் பிழைத்தது, ஆயில் கறையோடு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு முதலில் தெரிந்துதான் தெருவுக்குத் தெரிந்தது. அந்த விஷயத்தில் நான் இப்போது கவனமாக இருக்கிறேன்.

காருக்கு என்ஜின் வேலை முடிந்து வந்தது. உமாமகேஸ்வரி லைசென்ஸ் எடுத்தாள். ரிவர்ஸ் உட்பட. சனிக்கிழமைகளில் அவள்தான் திருநள்ளாறுக்கு ஓட்டுகிறாள். ராஜ்மோகன் பின்சீட்டில் உட்கார்ந்து, விளக்கு எரியுதா, விளக்கு எரியுதா என்று கேட்டுக்கொண்டே போகிறார். சொர்ணாம்பாள் இப்போதும் பொட்டு வைக்கிறார், விளக்கிற்கு ஒரு விரற்கடை தள்ளி. அந்த இடத்தில் கதவு திறந்திருந்தால் எரிகிற விளக்கு இருக்கிறது.

அஃப்ரித் தன் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடிக்க அடிக்கடி கோட்டுச்சேரி போனான். ஒரு ஸ்கூட்டருக்கு அவ்வளவு காற்று தேவையில்லை என்பது ரஃபீக்கிற்கும் தெரியும். நோன்புப் பெருநாள் கழிந்து மெஹர் பானுவுக்கும் அவனுக்கும் நிக்காஹ். மதிவதனிதான் மாப்பிள்ளை விசாரணை செய்து கொடுத்தாள். வாய் ஜாஸ்தி, மற்றபடி பழுதில்லை என்று.

ரஞ்சித்துக்கு உத்தரவு வந்தது. தை மாதம் தமிழ்மொழிக்குத் தாலி கட்டினான். முதல் பந்தியில் நான் சாப்பிட்டேன். வேலை போட்ட இடம் யானம். அதுவும் எங்கள் மாநிலம்தான், ஆனால் அவ்வளவு தூரம், ஆந்திராவுக்கு நடுவில், தெலுங்கு பேசுகிற ஊர். இரண்டு பேரும் பெட்டி படுக்கையோடு போய்விட்டார்கள்.

போன வாரம் தமிழ்மொழி போன் செய்தாள். ஊர் பிடித்திருக்கிறதாம், கொஞ்சம் கொஞ்சம் தெலுங்கு வருகிறதாம். பிரஷருக்குத் தெலுங்கில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"அங்கயும் பிரஷர்தாங்க்கா."

எதில் கம்மி என்று கேட்டுக்கொண்ட பிறகே எதையும் ஏற்றச் சொன்னேன்.